வழுக்கை மருத்துவ வரலாறு

தலைமயிரைக் குறித்து ஒரு கட்டுரையா, அதுவும் நம் சங்கத்து மாத வெளியீட்டிலா என்று நேயர்களிற் சிலர் நகைக்கவும் கூடும். நகைக்க, யாம் தடுப்போமல்லோம். ஆயின் அங்ஙனம் நகைப்பாருள்ளும் நாற்பதைக் கடந்தார் பலர், தனித்திருக்கும்போது நிலைக்கண்ணாடியின்முன் நின்று, நெற்றியின் இருமருங்கையும் விரலால் அளந்து பார்ப்பவரே என்பதை யாம் அறிவோம். எம் பழக்கமும் அதுவே.

மற்றொன்றும் முற்படச் சொல்லிவிடல் வேண்டும். மயிர் என்னும் நல்ல தமிழ்ச்சொல்லை இக்காலத்தார் வசைச்சொல் ஆக்கிவிட்டனர். குஞ்சி, பித்தை, பங்கி, ஓரி என ஆடவர் தலைமயிர்க்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பல. இத்துணைப் பெயரிட்டுப் போற்றிய ஒன்றை வாயாற் சொல்ல நாணுவானேன்? யாம் தயங்காது வழங்குவோம். தம் நிலையினின்றும் தாழ்ந்த மாந்தரைத் திருவள்ளுவனார் 964-ஆம் குறளில் எதற்கு உவமித்தார் என்பதை நேயர் நன்கறிவர். தலையை நீங்கிய மயிரின் மதிப்பை அப்பெருமான் கூறினார்; மயிர் நீங்கிய தலையின் மதிப்பைக் கூறினாரல்லர். அதனைக் கூறும் பொறுப்பை இக்காலத்துப் பெண்வீட்டார் ஏற்றுக்கொண்டிருக்கின்றனர்.

எம் தமக்கையார்க்கு ஒரு மைந்தன் உளன். கல்வியும் நல்லொழுக்கமும் உடையவன். ஓர் அலுவலகத்திற் பணிபுரிகின்றான். வயது இருபத்தாறு நிரம்புமுன்னரே நெற்றியின் இரு மூலைகளும் மேலேறத் தொடங்கின. நிழற்படம் அனுப்பிய பின் மூன்று இடங்களிலிருந்து மறுமொழி வரவில்லை. காரணம் இன்னதென ஒருவரும் வாய்திறந்து கூறிற்றிலர். ஆயினும் அவன் தானே ஒன்றை உறுதி செய்துகொண்டான். கைத்தொலைபேசியில் வந்த விளம்பரங்களை நம்பி மூவகைத் தைலங்களை ஓராண்டு தேய்த்தான். பின்னர் ஒருவாறு தெளிந்து தோல் வைத்தியர் ஒருவரை அடைந்தான். அவர் தலையிலிடுதற்கு ஒரு நீர்மருந்தும், நாள்தோறும் உண்ணுதற்கு ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்து, முதற்சில வாரங்களில் மயிர் மிகுதியாக உதிரலாம், அஞ்சற்க, ஆறு திங்கள் கழித்து வருக என்று சொல்லியனுப்பினார்.

ஆறாம் வாரத்தில் தலையணையெல்லாம் மயிர். தமக்கையார் அதனைக் கையில் அள்ளிக் காட்டிக் கண்ணீர் விட்டார். குடும்பத்திற் படித்தவர் என்ற பெயர் எமக்கு உண்டாதலின் எம்மிடம் வினவினர். யாமும் ஏடு திறந்து பார்த்தோமல்லோம், வைத்தியரை வினவினோமல்லோம், 'இல்லாததைத் தருவதாகச் சொன்ன மருந்து உள்ளதையும் கொண்டுபோகின்றதே, நிறுத்திவிடு' என்றோம். அவனும் நிறுத்தினான். அடுத்த ஓராண்டில் நெற்றி இன்னும் இரு விரற்கடை மேலேறிற்று. அவ்வுதிர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் என்பதை யாம் அதன்பின்னரே கற்றோம். இக்கட்டுரைக்கு வேண்டிய செய்திகளைத் தேடத் தொடங்கியதும் அந்நாளிலிருந்தே.

தேடக் கண்டது இது. வழுக்கைக்கு மருந்து தேடிய வரலாறு மூவாயிரத்தைந்நூறு ஆண்டு நீளமுடையது. அந்நீளமுழுதும் மக்கள் செய்த பிழை பெரும்பாலும் ஒன்றே: மயிருக்கென ஒரு நாட்காட்டி உண்டு, அதனைப் பாராமல் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கொண்டு மருந்தை அளந்தோம். இதனை விளக்குதற்கு மயிரின் இயல்பை முதற்கண் சிறிது கூறுவோம்.

மாந்தர் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்க்கால்கள் உள. அவை ஒருசேர வளர்வனவல்ல. ஒவ்வொன்றும் தன் தன் முறையில் வளர்ந்து, ஒடுங்கி, உறங்கி, மீண்டும் விழிப்பது. வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டு. அதன்பின் இரண்டு மூன்று வாரம் ஒடுங்கும். பின்னர் ஏறத்தாழ 3 திங்கள் உறங்கும். உறக்கத்தின் முடிவிற் பழைய மயிர் உதிர, அவ்விடத்தே புதிது முளைக்கும். முளைத்ததும் திங்களொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே நீளும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது நலமுடையார்க்கும் இயல்பு.

ஆடவர்க்கு மரபுவழி வரும் வழுக்கையில் மயிர்க்கால் ஒரே நாளிற் செத்தொழிவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது சிறுத்துக்கொண்டே போகும். வளர்பருவம் குறுகும், மயிர் மெலியும், கடைசியிற் கண்ணுக்குத் தோன்றாத பூனைமயிராய் முடியும். எருவின்றிப் போகந்தோறும் விளைச்சல் குறைந்து இறுதியிற் புல் மட்டும் முளைக்கும் வயலைப் போன்றது இது. வயலை மீட்கப் புகுந்தவன் எருவிட்ட மறுவாரம் கதிரைத் தேடுவானாயின் ஊரார் என் சொல்வர்? தலையின் திறத்திலோ அவ்வாறு தேடாதார் இலர்.

இம்மெல்லிய நடையே போலி மருந்துகளுக்கு வாய்ப்பாயிற்று. கடுங்காய்ச்சலுக்குப் பின்னும், மகப்பேற்றுக்குப் பின்னும் மயிர் கொத்தாக உதிர்ந்து, சில திங்களில் தானே மீள்வதுண்டு. புழுவெட்டு என நாம் கூறும் வட்டச் சொட்டையும் பலர்க்குத் தானே நிரம்பிவிடும். அவ்வமயம் எவ்வெண்ணெய் தேய்க்கப்பட்டதோ அவ்வெண்ணெய்க்குப் புகழ் சேர்ந்தது. மரபு வழுக்கையோ தானே மீளாது. ஆயினும் அண்டை வீட்டார்க்குப் பலித்த தைலம் நமக்கும் பலிக்கும் என்று வாங்கினோம்.

இனி வரலாற்றுட் புகுவோம். ஜெர்மானியப் பேராசிரியர் கேயார்க் ஏபர்ஸ் என்பார் எகிப்து நாட்டு லக்சர் நகரில் 1872-73ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு பழைய பாப்பிரசுச் சுருளை விலைக்கு வாங்கினார். ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள அச்சுருள் கி.மு. 1550 அளவில் எழுதப்பெற்ற மருத்துவ நூல். அதன்கண் வழுக்கைக்கு ஒரு முறை சொல்லப்பட்டுளது. சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகிய ஆறன் கொழுப்பையும் ஒன்றாகக் கலந்து வழுக்கைத் தலையிற் பூசுக என்பது அம்முறை. மருந்து கிடைத்தற்கு அரிதாயிருத்தல் அதன் பெருமைக்கு ஒரு காரணம் ஆகும்போலும். சிங்கத்தின் கொழுப்பைத் தேடிக் காட்டுக்குச் சென்றவன் திரும்பி வருவதற்குள், வராதும் போகலாம், காய்ச்சலால் உதிர்ந்த மயிராயின் தானே முளைத்திருக்கும்.

நம் நாட்டு ஆயுள்வேத நூல்கள் இந்திரலுப்தம், காலித்யம் என்ற பெயர்களால் மயிருதிர்வைப் பேசுகின்றன. சுசுருதம் இதனைச் சிறுநோய்களின் வரிசையில் வைத்துக் கூறும். நம் வீடுகளில் கரிசலாங்கண்ணியும் நெல்லிக்காயும் இட்டுக் காய்ச்சிய எண்ணெய்க்கு உள்ள இடத்தை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வெண்ணெயை இகழ்தல் எம் கருத்தன்று. தேங்காயெண்ணெய் மயிரின் புரதம் கழிந்து போதலைக் குறைக்கின்றது என்று 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது. முளைத்துவிட்ட மயிரைக் காத்தல் வேறு. சிறுத்துப்போன மயிர்க்காலைப் பெருக்குதல் வேறு. எண்ணெய் முன்னதைச் செய்யும், பின்னதைச் செய்யாது.

கிரேக்க நாட்டிலேதான் உண்மையின் முதல் ஒளி தோன்றியது. ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் சூத்திரங்களுள் ஒன்று, விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை வருவதில்லை என்று கூறுகின்றது. அரிஸ்டாட்டிலும் அதனையே கூறி, மகளிரையும் சிறுவரையும் அவரோடு சேர்த்தார். ஆண்மைப் பருவத்தில் உடலினுள்ளே தோன்றும் ஏதோ ஒன்றே வழுக்கைக்கு ஏது என்பது இதனாற் பெறப்படும். என்ன நுண்ணிய பார்வை! ஆயின் அப்பார்வையின்வழி எவரும் மேற்செல்லவில்லை. ஏறக்குறைய 2,300 ஆண்டு அது சூத்திரமாகவே கிடந்தது. வைத்தியர்கள் பூச்சு மருந்துகளையே மாற்றி மாற்றி அரைத்துக்கொண்டிருந்தனர்.

மறைத்தலும் ஒரு மருத்துவமாயிற்று. உரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியசு என்பார் ஜூலியஸ் சீசரைப் பற்றி எழுதுங்கால், அவ்வீரர் தம் வழுக்கையைப் பகைவர் நகைத்தலைப் பொறாது, உச்சியில் எஞ்சியிருந்த சிறிது மயிரை முன்னோக்கிச் சீவிக்கொள்வார் என்றும், மன்றம் அளித்த சிறப்புக்கள் யாவற்றுள்ளும் எப்போதும் வாகைமாலை அணியும் உரிமையையே பெரிதும் விரும்பி ஏற்றார் என்றும் குறித்துளார். உலகை வென்றார்க்கும் நெற்றி மூலையை வெல்ல ஒரு தழைமாலை வேண்டியிருந்தது. பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி இளமையிலேயே மயிரிழந்து 1624 அளவிற் பொய்மயிர் அணிந்தார். அரசன் அணிந்தது அவையோர்க்கு நாகரிகமாகி ஐரோப்பா முழுதும் பரவிற்று. 1795-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அமைச்சர் வில்லியம் பிட் தலைக்கிடும் மாவுக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தார். வரிக்கு அஞ்சியே பலர் மாவையும் பொய்மயிரையும் கைவிட்டனர். கதை சுவையுடையதெனினும் மருத்துவத்துக்குப் பயனின்மையின் இம்மட்டில் விடுவோம்.

அமெரிக்க நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சதர்லாண்டு சகோதரிகள் எழுவர் இருந்தனர். நிலத்தை எட்டும் கூந்தலையுடைய அவர்கள் மேடையேறிப் பாடினர். பாட்டைக் கேட்க வந்தாரினும் கூந்தலைக் காண வந்தாரே மிகுதி. அதனையறிந்த குடும்பத்தார் அவர்கள் பெயரால் மயிர்வளர்ப்பு மருந்து ஒன்றைப் புட்டிகளில் அடைத்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர். பிறவியிலேயே அடர்ந்த கூந்தலுடைய பெண்டிரைக் காட்டி, பிறவியிலேயே வழுக்கைக்குரிய ஆடவர்க்கு மருந்து விற்ற அத்திறமை இன்றும் அழியவில்லை. மேடை மாறிற்று, அவ்வளவே. அமெரிக்க அரசின் மருந்து ஆட்சிக்குழு 1989-ஆம் ஆண்டில், வைத்தியர் சீட்டின்றி விற்கப்படும் மயிர்வளர்ப்புப் பூச்சுக்கள் பயனுடையன எனக் கொள்ளத்தக்கன அல்ல என்று விதி செய்தது. நம் இந்திய மருந்து விதிகளிலும் 'ஜெ' அட்டவணை என ஒன்று உண்டு. இன்னின்ன நோயைத் தீர்ப்பதாக எம்மருந்தும் உரிமை கொண்டாடலாகாது என்று வகுக்கும் அப்பட்டியலில் வழுக்கையும், புதுமயிர் வளர்த்தலும் இடம்பெற்றுள்ளன. விதி ஏட்டில் உளது. விளம்பரங்கள் நம் பிள்ளைகளின் கையில் உள.

மொட்டையடித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்பது நம்மிடையே ஊறிய நம்பிக்கை. பழனியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை செலுத்துவோர் இறைவனுக்காகச் செலுத்துகின்றனர். அதனுள் யாம் புகேம். அடர்த்திக்காக நாவிதர்முன் அமர்வாரை நோக்கியே இதனைச் சொல்கின்றோம். மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க அம்மையார் 1928-ஆம் ஆண்டில் ஆய்ந்து, மழித்தலால் மயிரின் பருமனும் மாறாது, வளரும் விரைவும் மாறாது என்று காட்டினார். மழித்தபின் முளைக்கும் மயிரின் முனை மொட்டையாயிருத்தலின் கைக்குத் தடித்துத் தோன்றுகின்றது, வேறில்லை. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரும் தலைக்கவசமும் வழுக்கை தருவன என்பதும் இத்தன்மைத்தே. உப்புநீர் மயிரை முரடாக்கும். நெற்றி மூலையைத் தேர்ந்தெடுத்து மேலேற்றாது.

நிற்க. கிரேக்கர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் ஜேம்ஸ் ஹாமில்ட்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்றறிஞர். 1942-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையின் நடுத்தூண். இளமையிலேயே விதையிழந்தவர்களை அவர் ஆய்ந்தார். அவர்க்கு வழுக்கை இல்லை. அவர்களுக்கு ஆண்சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தினார். குடும்பத்தில் வழுக்கை மரபு உடையார்க்கு மயிர் உதிரலாயிற்று, மரபில்லாதார்க்கு உதிரவில்லை. மருந்தை நிறுத்திய பின் வழுக்கை மேலும் பரவுதல் நின்றது. போன மயிரோ திரும்பிற்றிலது. இவ்விறுதிச் செய்தியை நேயர் நினைவில் இருத்துக. காத்தல் எளிது, மீட்டல் அரிது என்னும் முழு உண்மையும் அதனுள் அடங்கியுளது. ஹாமில்ட்டன் 1951-இல் நெற்றி ஏறும் படிகளை வகுத்தார். நார்வுட் என்பார் 1975-இல் அதனைத் திருத்தி ஏழு படிகளாக்கினார். இன்றும் வைத்தியர்கள் அவ்வேழினையே கொண்டு அளப்பர். எம் மருகன் வைத்தியரிடம் முதற்கண் சென்றபோது இரண்டாம் படியிலிருந்தான். எம் அறிவுரையின் பயனாக மூன்றாம் படிக்கு ஏறினான்.

அடுத்த ஒளி எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கரிபியன் கடலிலுள்ள டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்பது ஒரு சிற்றூர். அங்கே சில குடும்பங்களிற் பிறந்த சில குழந்தைகள் பெண்களாகக் கருதி வளர்க்கப்பெற்றுப் பருவமடையுங்கால் ஆண்களாக மாறினர். ஜூலியன் இம்பராட்டோ மக்கின்லி என்னும் அம்மையாரும் அவருடன் ஆய்ந்தாரும் 1974-ஆம் ஆண்டில் இதன் காரணத்தை வெளியிட்டனர். டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வலிய பொருளாக மாற்றும் ஒரு நொதி அவர்கள் உடலிற் குறைவாக இருந்தது. அவ்வாறு வளர்ந்த ஆடவர்க்கு நெற்றி ஏறவேயில்லை. முதுமையிற் பலரை வருத்தும் பிராஸ்டேட் சுரப்பியும் சிறிதாகவே இருந்தது. அந்நொதியை ஒரு மருந்தால் அடக்கினால் என் என்று மெர்க் என்னும் மருந்து நிறுவனத்தார் எண்ணினர். பினாஸ்டரைடு பிறந்தது. 1992-இல் 5 மில்லிகிராம் அளவிற் பிராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-இல் 1 மில்லிகிராம் அளவில் ஆடவர் வழுக்கைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹிப்பாக்கிரட்டீசின் சூத்திரம் மாத்திரையாவதற்கு இத்துணைக் காலம் சென்றது.

மற்றொரு மருந்தாகிய மினாக்சிடிலின் கதை இதற்கு நேர்மாறு. இது தேடிக் கிடைத்ததன்று, வழியிற் காலிலிடறியது. அமெரிக்க மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரின் அப்ஜான் நிறுவனத்தார் இதனை இரத்தக் கொதிப்புக்காக ஆக்கினர். உண்டவர்களுக்குக் கொதிப்புத் தணிந்தது. உடன் முகத்திலும் கையிலும் மயிர் முளைத்தது. மகளிர் பெரிதும் வருந்தினர். ஆயின் வருத்தமாகிய அதுவே வேறொருவர்க்கு வரமாகும் என்று உணர்ந்த வைத்தியர்களும் இருந்தனர். 1979-இல் இது கொதிப்புக்கு மாத்திரையாகவும், 1988-இல் 2 விழுக்காடு கரைசலாய்த் தலையிலிடும் மருந்தாகவும் ஒப்புதல் பெற்றது. 1991-இல் மகளிர்க்கும் ஒப்பப்பட்டது. 1996-இல் சீட்டின்றி விற்பனைக்கு வந்தது.

இம்மருந்து செய்வது என்ன? உறங்கும் மயிர்க்கால்களை எழுப்பி வளர்பருவத்துட் செலுத்துவது. எழும் மயிர்க்கால், தான் பற்றியிருந்த பழைய மயிரை முதலில் வெளியே தள்ளும். தலையணையில் எம் தமக்கையார் கண்டது அதுவே. மூன்று திங்களில் ஒவ்வொன்றாய் உதிர வேண்டியவை சில வாரங்களில் ஒருங்கே உதிர்ந்தன. புதிய வீடு கட்டுவதற்குப் பழைய கூரையைப் பிரித்ததைக் கண்டு, வீட்டையே இடிக்கின்றனர் என்று கூவிக் கொத்தனைத் துரத்தியது போன்றதாயிற்று எம் செயல்.

இவ்விரு மருந்துகளும் எவ்வளவு பயன் தரும் என்பதை மிகையின்றிச் சொல்லுதல் கடன். 18 முதல் 41 வயது வரையுள்ள 1,553 ஆடவரிடத்துப் பினாஸ்டரைடு சோதிக்கப்பெற்றது. இரண்டாண்டு முடிவில், உச்சியிலுள்ள மயிரின் தொகை குறையாது நின்றவர் மருந்துண்டோரில் 83 விழுக்காடு. வெறுமாத்திரை உண்டோரில் 28 விழுக்காடு. நல்ல பயனே. ஆயின் அது உச்சியின் கணக்கு. நெற்றியின் இருமூலை ஏற்றத்தில் பயன் நிறுவப்படவில்லை என்று அம்மருந்தின் அமெரிக்கக் குறிப்பேடே கூறுகின்றது. தலையின் முன்பகுதி நடுவில் ஓரளவு பயன் உண்டென்று 1999-இல் வேறோர் ஆய்வு காட்டியது. மினாக்சிடில் புட்டியின்மேலும், ஏறும் நெற்றிக்கு இது உரியதன்று என்று அமெரிக்காவில் அச்சிட்டிருக்கின்றனர். வைத்தியர்கள் அங்கும் இடச் சொல்வதுண்டு, சிலர்க்குப் பயன்படுவதும் உண்டு, உறுதிமொழி இல்லை. ஆகவே நெற்றி ஏறுவார் இம்மருத்துவத்தைத் தொடங்குங்கால், போன மூலையை மீட்கத் தொடங்குகின்றோம் என்று எண்ணாது, இருக்கும் எல்லையைக் காக்கத் தொடங்குகின்றோம் என்று எண்ணுதல் வேண்டும். அங்ஙனம் எண்ணுவார்க்கு ஏமாற்றம் குறைவு. காலம் தாழ்த்தாது தொடங்கவேண்டியதும் அதனாலேயே.

காலக்கணக்கை மீண்டும் நோக்குக. பினாஸ்டரைடின் பயன் தோன்ற மூன்று திங்களோ அதற்கு மேலோ செல்லும். மினாக்சிடிலுக்கு நான்கு திங்களாவது வேண்டும். இரண்டையும் ஓராண்டுக்கு முன் தீர்ப்பிடல் ஆகாது. நிறுத்தினால், மினாக்சிடிலாற் பெற்றது மூன்று நான்கு திங்களிலும், பினாஸ்டரைடாற் பெற்றது ஓராண்டுக்குள்ளும் போய்விடும். ஆகலின் இது காய்ச்சலுக்கு மருந்துண்பது போல்வதன்று. நாள்தோறும் பல் துலக்குதல் போன்ற ஒழுக்கம். இருபத்தைந்து வயதினன் இதனைத் தொடங்குங்கால், எத்தனை ஆண்டு செய்ய மனம் உடையன் என்பதை முன்னரே எண்ணித் துணிதல் நன்று. தொடங்காமையும் இழிவன்று. வழுக்கை உயிரைக் கொல்லும் நோயன்று. அதனோடு அமைதியாய் வாழ்வார் எத்துணையோ பேர். யாமும் நாற்பத்தாறு வயதில் அவருள் ஒருவர் ஆயினோம்.

வைத்தியர் துணை வேண்டும் என்று யாம் வற்புறுத்துவது சடங்குக்காக அன்று. உதிர்வதெல்லாம் மரபு வழுக்கையன்று. இரும்புச்சத்துக் குறைவும், தைராய்டு நோயும், படர்தாமரையும், வேறு தோல் நோய்களும் மயிரை உதிர்ப்பன. அவற்றுக்கு மருந்து வேறு. பினாஸ்டரைடு உண்ணும் ஆடவர் சிலர்க்குப் பாலுணர்வு குறைதல் முதலிய தீங்குகள் தோன்றும். சோதனையில் இது மருந்துண்டோரில் 3.8 விழுக்காடும் வெறுமாத்திரை உண்டோரில் 2.1 விழுக்காடும் ஆயிற்று. மருந்தை நிறுத்திய பின்னும் சிலர்க்கு அத்தீங்கு நீடித்ததாக வந்த செய்திகளை 2012-இல் அமெரிக்க ஆட்சிக்குழு குறிப்பேட்டிற் சேர்த்தது. மனச்சோர்வும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தோன்றக்கூடும் என்று ஐரோப்பிய மருந்துக் குழு 2025-இல் எச்சரித்தது. ஆதலின் மருந்துண்ணும் பிள்ளை வழக்கத்துக்கு மாறாக வாடியிருப்பின், வீட்டார் அதனைக் காதல் தோல்வி என்றோ சோம்பல் என்றோ தள்ளிவிடாது வைத்தியரிடம் அன்றே சொல்லுதல் வேண்டும். ஐம்பதைக் கடந்தார் பிராஸ்டேட்டுக்காக இரத்தம் சோதிக்குங்கால் இம்மாத்திரை உண்பதைச் சொல்லாவிடின், பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் காட்டிப் புற்றுநோயை மறைக்கக்கூடும். கருவுற்ற மகளிர் உடைந்த மாத்திரையைத் தொடுதலும் ஆகாது. வயிற்றிலுள்ள ஆண்மகவுக்குக் கேடு. மாத்திரை உண்பார் இரத்ததானம் செய்தலும் தவிர்க்கற்பாலது. நிறுத்தி ஒரு திங்களேனும் கழிய வேண்டும். மினாக்சிடில் பூனைக்கு நஞ்சு. எம் தமக்கையார் வீட்டில் ஒரு பூனை மருகன் தலைமாட்டிலேயே உறங்கும் வழக்கமுடையதாயிருந்தது. இச்செய்தி அறிந்த நாள்முதல் அதற்குக் கூடத்திற் படுக்கை. ஆறு விலங்குகளின் கொழுப்பிற் பூனையையும் சேர்த்த எகிப்தியர்மேல் அதற்குள்ள பகை இதனால் தணிந்திராது.

மயிர் நடுதலைப் பற்றியும் பலர் வினவுவர். ஜப்பானிய வைத்தியர் ஒக்குடா என்பார் 1939-இலேயே மயிரோடு கூடிய சிறு தோல் துண்டுகளை நடும் முறையை எழுதினார். உலகப்போர் மூண்டமையால் மேல்நாட்டார் அதனை அறிந்திலர். நியூயார்க்கின் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் வெளியிட்ட கட்டுரையே இத்தொழிலுக்கு அடிப்படையாயிற்று. பின்தலை மயிரை நெற்றியில் நட்டாலும் அது பின்தலையின் குணத்தையே உடையதாய் உதிராது நிற்கும் என்று அவர் கண்டார். ஊர்விட்டு ஊர் சென்று பல தலைமுறை ஆகியும் குலதெய்வத்தை மறவாத நம் குடும்பங்கள் சில நினைவுக்கு வருகின்றன. ஆயின் நட்டது நிற்க, அதன் பின்னுள்ள பழைய மயிர் தன் வழியே பின்வாங்கிக்கொண்டே போகும்; ஆதலின் நட்டார்க்கும் மருந்தொழுக்கம் வேண்டும். பொருள் செலவிட்டு நட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பாரை நம்பற்க.

எம் மருகன் சென்ற ஆண்டு மாசித் திங்களில் மருத்துவத்தை மீளத் தொடங்கினான். தொடங்குமுன் யாம் அவனை அழைத்து, அன்று நிறுத்தச் சொன்னது எம் பிழை என்று கூறினோம். அவன் 'விடுங்கள், மாமா' என்றான். அவ்வளவே அவன் சொன்னது. பிழைக்கு ஈடாக ஒரு பணியை யாமே ஏற்றுக்கொண்டோம். மூன்று திங்களுக்கு ஒருமுறை, எம் வீட்டுத் திண்ணையில், காலை எட்டு மணி வெயிலில், அதே தூணருகில் அவனை அமர்த்தி, நெற்றியையும் உச்சியையும் படம் பிடித்து நாளும் குறித்து வைக்கின்றோம். நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவனுக்கு மயிரின் நடை தெரியாது, படத்துக்குத் தெரியும். இடையில் ஆறாம் வாரம் வந்தது. தலையணையில் மயிரும் வந்தது. தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை யாம், அம்மயிரைக் கூட்டி வெளியே கொட்டிவிடுமாறு மட்டும் சொன்னோம்.

வைகாசிப் படத்திற் கண்ட வேறுபாடு ஒன்றுமில்லை. ஆவணியில் உச்சி சிறிது கறுத்துக் காணப்பட்டது. கார்த்திகைப் படத்தில் உச்சி நன்கு நிரம்பியுளது; இடமூலையில் மெல்லிய மயிர் சில தோன்றியுள; வலமூலை இருந்தவாறே இருக்கின்றது. முன்னைய ஓராண்டில் இரு விரற்கடை ஏறிய நெற்றி இவ்வொன்பது திங்களில் ஏறவில்லை. ஐந்தாம் படம் வருகின்ற மாசியில்.